வளவின் கிழக்கெல்லை

முன்னோர் செய்த பிழைக்குப் பிள்ளைகள் பொறுப்பாவார்களா? ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ஒரு விவாத அரங்கில் இந்தக் கேள்விக்கு நான் வெகு இலேசாகப் பதில் சொன்னேன். ஒருவருடைய பாவச்சுமை இன்னொருவர் தோளில் ஏறாது என்பது நமது தீனின் அடிப்படை. அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். சென்ற பாடசாலை விடுமுறையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வளவில் ஒரு வாரம் மண்வெட்டி பிடித்தபோது அந்தக் கைதட்டல் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது.

அவர் என் அயல்வீட்டுக்காரர். எழுபதைத் தொட்டவர். கிழக்குப் பக்கக் கிடுகு வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்ட வேண்டும், வளவைத் துப்புரவாக்க வேண்டும், கூடவே கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்காகக் குடும்ப வரலாற்றை ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். சுபஹுக்குப் பிறகு வெயில் ஏறும்வரை வளவு வேலை. லுஹருக்குப் பிறகு றங்குப் பெட்டியும் கடதாசிகளும்.

வம்சம் தேடப் புறப்படும் நம்மவர்களில் பலர் நேரே யெமனுக்குப் போய் ஒரு அறபு வணிகரைக் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. உம்மாவின் உம்மாவிலிருந்து தொடங்கினார். அதுதான் சரியென்பது என் எண்ணம். கிழக்கில் நமக்குக் குடி தாய்வழியாகவே வருகிறது. பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி என்று பெண் பெயரைத் தாங்கிய குடிகளும் நம்மிடையே உண்டு. வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருபவர். ஆனால் அரச கடதாசிகளின் கதை வேறு. பழைய பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்தில் பாட்டனாருக்கு ஒரு கூடு உண்டு; பாட்டிக்கு இல்லை. நம் மூத்தம்மாமாரின் பெயர்களைக் கடதாசியில் பார்க்க வேண்டுமானால் சீதன உறுதிகளைத்தான் புரட்ட வேண்டும். ஆகவே இந்தக் கரையில் தாய்வழி வரலாறு தேடுகிறவன் எப்படியும் காணிக் கணக்கில் போய் விழுவான்.

அவரும் விழுந்தார். சகோதரிகள் இல்லாதபடியால் தாயின் வளவு அவருக்கு வந்திருந்தது. மூத்தம்மா 1953இல் தன் மூத்த மகளுக்கு, அதாவது இவருடைய உம்மாவுக்கு, எழுதிய உறுதி பெட்டியின் அடியில் கிடந்தது. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது என்பதால் அதில் மட்டக்களப்பு மாவட்டம், கரவாகுப்பற்று என்றே இருக்கிறது. எல்லைகளை நான் உரத்து வாசித்தேன். மேற்கே தெரு. கிழக்கே, இளைய மகளுக்கென ஒதுக்கிய வளவு.

இளைய மகளுக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கிழக்குப் பாதிக்கு உறுதி எதுவும் எழுதப்படவே இல்லை. மூத்தம்மா மௌத்தானார். வேலி எப்போதோ கிழக்கே நகர்ந்தது. கலியாண வயது வந்தபோது அந்தச் சாச்சிக்குக் கடற்கரையோரத்தில் ஒரு துண்டுக் காணியும் இரண்டறை வீடும் கிடைத்தன.

மறுநாள் காலை மதிலுக்குக் கிடங்கு வெட்டும்போது அலவாங்கு கல்லில் இடித்தது. மணலை அள்ளினோம். செங்கல் அத்திவாரம், ஒரு முழ உயரம், பாதியில் நின்றிருந்தது. பெண்பிள்ளை பிறந்தவுடனேயே வீட்டுக்கு அத்திவாரம் போடும் ஊர் இது. அது யாருக்குப் போட்டதென்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அவர் தும்புத்தடியை எடுத்துக் கல்லின்மேல் கிடந்த மணலைக் கூட்டினார். பிறகு கேட்டார்: "இத எழுதுறதா, உடுறதா மாஸ்டர்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. விட்டுவிட நியாயங்கள் தாராளமாக இருக்கின்றன. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், தடையின்றி எதிருரிமையோடு பத்து வருடம் ஆண்டவனுக்குச் சாதகமானது. இங்கே அறுபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. கடற்கரைத் துண்டு ஈடாகவே கொடுக்கப்பட்டிருக்கலாம். சாச்சி பொருந்திக்கொண்டும் இருக்கலாம். மௌத்தானவர்களின் குறையை மறைப்பது நன்மை என்றும் படித்திருக்கிறோம்.

இந்தக் கடைசி நியாயம்தான் என்னைக் கூடுதலாக மடக்கப் பார்த்தது. ஆனால் மறைக்கச் சொல்லப்பட்டது மனிதனின் குறையை. இன்னொருவரின் ஹக்கை அல்ல. ஜனாஸாவை எடுக்குமுன் கடன்காரர் இருக்கிறாரா என்று கேட்பது மையித்தை அவமானப்படுத்தவா? உம்மாவின் குற்றம் மகனுக்கு வரவில்லை என்பதை இன்றும் நம்புகிறேன். காணி வந்திருக்கிறதே! விவாத மேடையில் எனக்குப் புலப்படாமல் போனது இந்த வித்தியாசம்தான். 1765இல் கண்டி அரண்மனையில் ஒல்லாந்தப் படை கொள்ளையிட்ட பீரங்கியை நெதர்லாந்து 2023இல் நமது நாட்டுக்குத் திருப்பித் தந்தது. தந்தவர்களில் ஒருவரும் கொள்ளையில் பங்கெடுத்தவரல்லர். பொருள் அவர்கள் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

இதிலும் பாரமான ஒன்று இருக்கிறது. அதை அவரும் நானும் இரண்டு நாட்களாகப் பேசாமலே இருந்தோம். 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது நமது மாவட்டம். கடல் அந்தக் கடற்கரை வீட்டை அள்ளிக்கொண்டு போனது. சாச்சியும் போனார். இந்த வளவில் தண்ணீர் வேலியைத் தாண்டி வந்து கிணற்றடியில் முழங்காலளவு நின்று வடிந்தது. அந்த அத்திவாரத்தில் ஒரு வீடு எழும்பியிருந்தால்?

அந்தக் கணக்கை எழுதக் கூடாது என்றேன் அவரிடம். கடல் வருமென்று எந்த ராத்தாவும் தங்கச்சியைக் கரைக்கு அனுப்பவில்லை. மௌத்தை யாருடைய பெயரிலும் பதிய முடியாது. காணியைப் பதியலாம், அதை மட்டும் எழுதுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னது அவருக்கு ஆறுதல் தந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் முழுதாகத் தரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உறுதியின் பிரதியோடு ஓட்டோவில் ஏறி, சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருக்கும் சாச்சியின் மகளிடம் போனார். வளவில் பிடுங்கிய முருங்கைக்காய் ஒரு கட்டும் கொண்டு போனார். அஸருக்குத் திரும்பி வந்து திண்ணையில் இருந்து சொன்னார்.

"கடதாசிய வாங்கி உம்மாட பேர் எங்க இரிக்கி காக்கா எண்டு கேட்டாள். பேர் இல்ல, இளைய மகள் எண்டுதான் இரிக்கி எண்டன். கனநேரம் பார்த்துக்கிட்டிருந்தாள். பொறகு, உம்மா பொருந்தினாவோ இல்லையோ எனக்குத் தெரியா, பிள்ளையள்ளயும் கேட்டுத்தான் சொல்லணும் எண்டாள். முருங்கக்கா நல்லாரிக்காம்."

மதில் வேலையை நிறுத்தியாகிவிட்டது. இறக்கிய சீமெந்துப் பக்கெட்டுகள் தாழ்வாரத்தில் படங்கு போட்டு மூடிக் கிடக்கின்றன. அத்திவாரத்தை அவர் மணல் போட்டு மூடவில்லை. காலையில் வளவு கூட்டும்போது அதையும் சேர்த்துக் கூட்டுகிறார். கொப்பியில் 1953 வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்.