நிறைவும் உறவும்

எரட்டா துறையிலிருந்து லாங் ஐலண்டுக்குப் படகேறுகிறவர் கண்ணில் முதலில் படுவது கண்டல் காடு. அந்தமான் கழிமுகங்களில் வளரும் வெண்கண்டலின் இலையை வெயில் ஏறிய பிறகு தடவிப் பார்த்தால், விரலில் வெண்துகள் ஒட்டும். நாவில் வைத்தால் கரிக்கும். வேர்வழியே வந்த உப்பில் மிகையானதை மரம் இலைவழியே வெளியேற்றியிருக்கிறது.

அந்தத் துகளின் கதையை நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். சோடியத்தின் 11 எலக்ட்ரான்களில் ஒன்று போனால் நியானின் 10. குளோரினின் 17-உடன் ஒன்று சேர்ந்தால் ஆர்கானின் 18. அணுக்கள் நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களின் அமைப்பை நாடுகின்றன என்ற இக்கருத்தை 1916-இல் ஜெர்மனியில் கோசல், அமெரிக்காவில் லூயிஸ் என்ற அறிவியலாளர்கள் தனித்தனியே முன்வைத்தார்கள்.

சோடியம் மனமுவந்து கொடுப்பதாக நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆற்றல் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு மோல் சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 496 கிலோஜூல் செலவாகும். அதைக் குளோரின் ஏற்கையில் திரும்பக் கிடைப்பது 349 தான். எலக்ட்ரான் கைமாறுவதோடு முடிந்திருந்தால் இந்தப் பரிமாற்றம் நட்டத்தில் நின்றிருக்கும். அயனிகள் ஒன்றையொன்று சூழ்ந்து படிகமாக அமையும்போது வெளிப்படும் 787 கிலோஜூல்தான் அந்தக் கடனை அடைக்கிறது. கடலிலோ, ஒவ்வோர் அயனியையும் சுற்றி நின்று தாங்கும் நீர் மூலக்கூறுகள் அந்தப் பொறுப்பை ஏற்கின்றன. படிகத்திலும் சரி, கடலிலும் சரி, தனித்து நின்று நிறைந்த சோடியம் இல்லை. எல்லாத் தனிமத்துக்கும் இந்த நிறைவு வாய்ப்பதுமில்லை. கண்டல் சேற்றிலுள்ள இரும்பு, எலக்ட்ரான்களை இழந்த பின்னும் எந்த மந்த வாயுவின் அமைப்பையும் எட்டாமல்தான் நிலைத்திருக்கிறது.

நியானின் அமைப்பைப் பெற்றுவிட்டதால் சோடியம் நியானாகிவிட்டதா? அதன் அணுக்கருவில் இன்னும் 11 புரோட்டான்கள் இருக்கின்றன. சுற்றுவதோ 10 எலக்ட்ரான்கள். அந்த ஒற்றை நேர்மின்சுமை அதை ஒதுங்கி இருக்க விடுவதில்லை. யாரையும் நாடாத நிலையே நிறைவு என்று எண்ணி, தேவைகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு போனால் ஒருநாள் அதை அடைந்துவிடலாம் என்று நம்பும் நாம், உள்ளமைப்பு முழுமை பெற்ற பிறகும் கொடுத்ததன் அடையாளத்தைச் சுமந்தபடி பிறவற்றால் ஈர்க்கப்பட்டும் பிறவற்றை ஈர்த்தும் வாழ்கிற இன்னொரு நிறைவு இயற்கையில் உண்டு என்பதையும், உயிர்கள் தம் உடலைக் கட்டத் தேர்ந்துகொண்டது அதைத்தான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பவளப் பூச்சி தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவது கால்சியம் அயனியைக் கொண்டு. இரண்டு எலக்ட்ரான்களை இழந்து அதுவும் ஆர்கானின் அமைப்பில் நிற்கிறது. நம் நரம்புகளிலோ, சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாய்வதும் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதுமே செய்தியாகிறது. மின்சுமை இல்லாத நியானால் அந்தச் செய்தியைச் சுமக்க முடியாது.