என்ன கறி?

"அப்பா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

ஒன்பதாவது படிக்கும் மகள் டிபன் டப்பாவைக் கழுவப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மாட்டுக்கறி கைமா செய்து பன்னில் வைத்துத் தின்றோம். மீந்ததில் ரெண்டு பன்னை இவள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். பக்கத்தில் உட்காரும் பெண் "என்ன கறிடி?" என்று கேட்டிருக்கிறாள். இவள் "மட்டன்" என்றிருக்கிறாள். அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். அந்தப் பெண் கை நீட்டியிருக்கிறாள். இவளும் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டாள். "சூப்பரா இருக்குடி, எப்படி செய்றதுன்னு எங்கம்மாவுக்கு எழுதிக் குடு" என்றிருக்கிறாள் அவள். இதுதான் என் மகளை முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

எனக்கு ஊர் திருவாலங்காடு. ஊர் என்று பேச்சுக்குச் சொல்கிறேன், பிறந்தது காலனியில். இப்போது வேலைக்காகத் திருத்தணியில் வாடகைக்கு இருக்கிறோம். வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் ரெண்டே கேள்விதான் கேட்டார். "எத்தன பேரு? கவிச்சி சமைப்பீங்களா?" ஆடு, கோழி, மீன் சமைப்போம் என்றேன். சரி என்றார். மூணாவதாக ஒன்றை அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. அன்றிலிருந்து அரக்கோணத்தில் கறி வாங்கி வரும் ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் முதல் வேலை அடுப்பு பற்றவைப்பதல்ல, ஜன்னலைச் சாத்துவது. சமைத்து முடித்ததும் சாம்பிராணி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடும் பக்திமான் என்று அக்கம்பக்கத்தில் எனக்குப் பெயர் வந்துவிட்டது.

என் ஆயா இருந்த வீட்டில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. கறி எடுத்தால் தெருவுக்கே வாசனை போகும். மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவி, உப்புக்கண்டமாகக் கயிற்றில் கோர்த்து, வாசலில் காயப்போடும். ஆயாவுக்குக் கறி என்றால் மாட்டுக்கறிதான். மற்றதுக்குத்தான் முன்னால் பெயர் போடவேண்டும், ஆட்டுக்கறி, கோழிக்கறி என்று. நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் 'பெரிய கறி' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லக் கற்றுக்கொண்டேன். அப்புறம் 'பீஃப்' என்ற சொல் கிடைத்தது. இங்கிலீஷில் சொன்னால் பாதி தீட்டு போய்விடுகிறது.

இந்தப் பன் சமாச்சாரம் அக்கா மகன் சொல்லிக்கொடுத்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் படிக்கிறான். அங்கே மஸ்கட்டீன் என்ற ஊரில் 1926 இல் கசாப்புக்காரர் ஒருவர் 'மெய்ட்-ரைட்' என்று ஒரு கடை தொடங்கினாராம். கொத்திய மாட்டுக்கறியை வடைமாதிரி தட்டாமல் உதிரி உதிரியாக வேகவைத்துப் பன்னில் அள்ளி வைப்பார்கள். சிந்துவதை அள்ளித் தின்ன ஒரு ஸ்பூனும் தருவார்கள். உப்பு, மிளகு, கொஞ்சம் கடுகு விழுது, ஊறுகாய் போட்ட வெள்ளரி, பச்சை வெங்காயம், அவ்வளவுதான். அந்த மாநிலத்துக்காரர்களுக்கு அது பெருமையான சாப்பாடு.

நாங்கள் செய்வது எங்கள் கைப்பக்குவம். அரை கிலோ கறி, கொஞ்சம் கொழுப்போடு. கடையில் மிஷினில் போட்டுத் தருவார்கள், ஆனால் வீட்டில் கத்தியால் கொத்தினால்தான் பல்லுக்கு ருசி. இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விடாமல் கறியைப் போடவேண்டும். கொழுப்பு தானாக உருகும். கட்டி விழவிடாமல் கரண்டி முனையால் உடைத்துக்கொண்டே இருக்கணும், இதில் சோம்பல்பட்டால் உதிரி வராது. கறி நிறம் மாறியதும் பொடியாக அரிந்த வெங்காயம், தட்டிய இஞ்சி பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சள், உப்பு. அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடிச் சின்னத் தீயில் முக்கால் மணிநேரம். தண்ணீர் ஒட்டச் சுண்டினால் தொண்டையை அடைக்கும், மிஞ்சினால் பன் சொதசொதத்துப் போகும். இறக்கும்போது மிளகுத்தூள், கொத்தமல்லி. பன்னைப் பிளந்து அதே சட்டியில் ஒரு நிமிஷம் கவிழ்த்து எடுத்தால் அடியில் ஒட்டியிருக்கிற சாறெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். இனிப்பு பன் வேண்டாம்.

கைமாவுக்கு இன்னொரு குணம் உண்டு. எலும்பில்லை, நார் தெரியாது, எந்த மிருகம் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. அதனால்தான் டப்பாவில் வைத்து அனுப்பினேன். துண்டுக்கறியாக இருந்தால் அனுப்பியிருக்கமாட்டேன். இவளுக்கு நாலு வயசு இருக்கும்போதே "யாராவது கேட்டா மட்டன்னு சொல்லு பாப்பா" என்று சொல்லி வளர்த்தவனும் நான்தான். ஆக, பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன வாய்தான் அவளுடையது.

பொய் பற்றிப் பழைய வழக்கு ஒன்று உண்டு. கொலைகாரன் வாசலில் வந்து, உன் சிநேகிதன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். அவனிடம் பொய் சொல்லலாமா? கூடாது என்று 1797 இல் எழுதினார் ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் காண்ட். பிரெஞ்சுக்காரரான பெஞ்சமின் கான்ஸ்டான்ட் அதற்கு முன்பே வேறு சொல்லியிருந்தார்: உண்மையைக் கேட்க உரிமை உள்ளவனுக்குத்தான் உண்மை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று. நம் வள்ளுவரும் தீதில்லாத நன்மை தருமானால் பொய்யை வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்கிறார். (அதே வள்ளுவர் புலால் மறுத்தல் என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். அதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.)

காண்ட்டின் கொலைகாரன் வெறும் வாதத்துக்காகக் கற்பனை செய்த ஆள் அல்ல. 2015 செப்டம்பரில் உத்தரப்பிரதேசம் தாத்ரி அருகே முகமது அக்லாக் வீட்டுக்கு ஒரு கும்பலாக வந்தான். அவரை அடித்துக் கொன்றார்கள். பிறகு வீட்டிலிருந்த இறைச்சியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அப்படிக் கேட்கிறவனுக்கு உண்மை சொல்ல யாரும் கடன்படவில்லை. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

நம் தெருக்களில் 'என்ன கறி' என்பது பெரும்பாலும் கறியைப் பற்றிய கேள்வியே இல்லை. 'நீங்க என்ன ஆளுங்க' என்பதன் மரியாதையான வடிவம் அது. இறைச்சிதான் தீட்டு என்றால் எங்கள் ஊர்க் கோயில் எப்படி நிற்கும்? காரைக்கால் அம்மையார் தன்னைப் பேய் என்று சொல்லிக்கொண்டு பாடிய தலம் திருவாலங்காடு. சுடுகாட்டில் நிணம் விழுங்கும் பேயைப் பாடியிருக்கிறார். அது பதினோராம் திருமுறையில் இருக்கிறது, பக்தியோடு ஓதுகிறார்கள். இங்கிருந்து வடக்கே போனால் காளத்தி. அங்கே வாயில் சுவைத்துப் பார்த்த கறியைச் சாமிக்குப் படைத்த கண்ணப்பர் நாயனார். நந்தனார் கோயில் பேரிகைக்குத் தோல் கொடுத்ததைச் சேக்கிழாரே எழுதியிருக்கிறார். நிணம் பாட்டில் வரலாம், தோல் கோயிலுக்குள் போகலாம். தின்கிற ஆள் யார் என்று பார்க்கும்போதுதான் தீட்டு வருகிறது.

அரசாங்கமும் ஜன்னலைச் சாத்துகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தார்கள். ஆம்பூர்க்காரர்கள் தலைமுறையாகத் தின்கிற பீஃப் பிரியாணிக்கு அதில் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். பிறகு மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் அந்த விலக்கலைப் பாகுபாடு என்று சொன்னது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். வீட்டுக்காரர் விஷயத்தில் நாம் தப்பு செய்யவில்லை என்றேன். அவள் கேட்டாள்: "அவளும் வீட்டுக்காரரும் ஒண்ணாப்பா?"

ஒன்றில்லைதான். வீட்டுக்காரர் என்னை அளக்கக் கேட்கிறார். அந்தப் பெண் தன் வாயில் போடப்போவதைக் கேட்டாள். தன் உடம்புக்குள் போவது எது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு, அவள் எந்தச் சாதியாக இருந்தாலும். என்ன தின்னவேண்டும், என்ன தின்னக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் தீர்மானித்ததைச் சுமந்தவர்கள் நாம். தெரியாமல் ஒருத்தியைத் தின்னவைத்தால் நாமும் அதையே செய்தவர்களாகிறோம். பாதி பன்தானே, சின்னப் பிள்ளைகள்தானே என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

என் அம்மா திருவாலங்காட்டிலிருந்து வந்திருந்தது. "இத்தன ரோதன இன்னாத்துக்குடா? உட்டுத்தொலைங்களேன். அம்பேத்காரே உடச் சொன்னாருன்னு சங்கத்துக்காரங்க அப்பவே சொன்னாங்க" என்றது. பல தோழர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை, பிறர் வீசும் எச்சில் சோற்றை. பசியும் ஊர் அடிமை வேலையும் சேர்ந்து வாயில் திணித்ததை. 1948 இல் தீண்டப்படாதவர்கள் பற்றி எழுதிய புத்தகத்தில், மாட்டுக்கறியே தீண்டாமையின் வேராக எப்படி ஆக்கப்பட்டது என்று ஆராய்ந்தார். அவர் கேட்டது யார் தீர்மானிப்பது என்பதை. நான் சம்பளக் காசில் வாங்கி, ருசிக்காகக் கொத்தி, மகளோடு உட்கார்ந்து தின்பது வேறு. எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு தலித் விட்டால் அதுவும் அவர் இஷ்டம், அவரைக் குறைத்துப் பேசுவதும் எனக்கு ஒப்பாது. வீட்டுக்காரருக்காக விடுவதைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஜன்னல ஏன் சாத்துற?" என்றது. பதில் சொல்லாமல் எழுந்துபோனேன்.

அந்தப் பெண்ணிடம் சொல் என்று மகளுக்கு என்னால் கட்டளை போட முடியவில்லை. நியாயம் எனக்குத் தெரிகிறது. ஆனால் விலை கொடுக்கப்போவது அவள். பெஞ்சில் தனியாக உட்காரப்போவது அவள். விஷயம் வீட்டுக்காரர் காதுக்குப் போனால் மட்டும்தான் எனக்குச் செலவு. "நான் சொல்லிக்குடுத்த பொய்யிது. வேணும்னா நான் வந்து சொல்றேன்" என்றேன். "நீ வராதப்பா" என்றாள்.

புதன்கிழமை அவளே சொல்லிவிட்டாள். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லையாம், பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாளாம். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் இவள் டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்தாள். நான் மறுபடி வீடு பார்க்க ஆரம்பித்தேன். திங்கட்கிழமை சாயந்திரம் வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்குப் பேசினாப்பா. 'எங்க வீட்ல சொல்லல, மட்டன்னே சொல்லிக்கிறேன்'னா."