நிறைந்த பின்னும் நிற்கலாமா?

பொதுப்பொருளின்மீது ஒருவருக்கு உரிமை எதுவரை உண்டு என்பது பழைய வினா. மின்சாரக் கார்கள் பெருகிவரும் இந்நாளில், சார்ஜர் என வழங்கும் பொது மின்னேற்றியின் முன் அவ்வினா மீண்டும் எழுகின்றது.

பெட்ரோல் நிரப்பச் சில நிமிடங்கள் போதும். மெதுவான மின்னேற்றியோ அத்தகையதன்று. 30 யூனிட் கொள்ளும் மின்கலத்தை 3.3 கிலோவாட் இணைப்பில் முழுதும் நிரப்ப 9 மணி நேரத்திற்கு மேலாகும், 7.4 கிலோவாட் இணைப்பிலும் 4 மணி நேரத்திற்குக் குறையாது. ஆகவே ஓர் இணைப்பால் ஒரு நாளில் பயன்பெறுவோர் மிகச் சிலரே. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் பல. வண்டி நிறுத்தத் தனியிடம் இல்லாதோர் பொது இணைப்பையே நம்பியிருத்தல் வேண்டும். அவர்களுள் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போருக்கு, வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் அன்றைய வருவாயில் குறைவதாகும்.

"கட்டணம் செலுத்திவிட்டேன், எப்போது எடுத்தால் என்ன?" என்பர் சிலர். அவர்கள் விலை கொடுத்தது மின்சாரத்திற்கு. பிறருடைய நேரத்திற்கு அன்று. மின்கலம் நிறைந்ததும் தேவை முடிந்தது. அதன்பின் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டிருப்பது, பிறருக்குரியதை நம்மிடம் வைத்திருப்பதே ஆகும். அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம், தன் விரைவு மின்னேற்றிகளில் நிறைந்த பின்னும் நிற்கும் கார்களுக்கு 2016 டிசம்பரில் தனிக்கட்டணம் விதிக்கத் தொடங்கியது. நல்ல ஏற்பாடே, எனினும் தண்டம் கட்டினால் தவறு சரியாகிவிடும் என்று கருதுதல் கூடாது. காத்திருந்தவர் இழந்த நேரம் அப்பணத்தால் அவருக்குத் திரும்பி வாராது.

அவ்வாறாயின், நிறைந்த காரின் இணைப்பை அடுத்தவர் தாமே கழற்றலாமா? நம் தெருக் குழாயடியில் இதற்கு ஒரு மரபு உண்டு. குடம் நிறைந்து, உரியவர் அருகில் இல்லையெனில், அடுத்து நிற்பவர் அதை நீர் சிந்தாமல் ஓரமாக வைத்துத் தம் குடத்தை வைப்பார். நிறையாத குடத்தைத் தொடமாட்டார். காரை அவ்வாறு எடுத்து வைக்க இயலாது. பல கார்களில் இணைப்பும் பூட்டிக்கொள்ளும். எனவே இங்கு உரியவரின் இசைவு இன்றியமையாதது. புறப்படும் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் முன்கண்ணாடியில் எழுதி வைத்தல் நன்று. அவசரமுடையோர் அழைத்துக் கேட்கலாம். தாமே பறித்தல் ஆகாது. வீடு சேரப் போதுமான மின்சாரம் உள்ளவர், கேட்டவருக்கு விட்டுக்கொடுத்தல் பண்பு.

நள்ளிரவில் நிறையும் காரை அப்போதே எழுந்து சென்று எடுக்க வேண்டுமோ எனின், காத்திருப்பவர் உளரா என்பதே அளவுகோல். கண்முன் நிற்பவருக்கு இடம்விடுதல் எளிது. நாம் காணாத ஒருவர் காத்திருக்கக்கூடும் என்று எண்ணி நடத்தலே அறம்.