புதைந்த தெரு, புதையாத பேய்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மேரி கிங் சந்து என்றொரு குடியிருப்புத் தெரு. 1645-இல் கொள்ளைநோயாம் பிளேக் அங்கே பலரை மாய்த்தது. 1685-இல் வெளிவந்த நூலொன்று, அத்தெருவில் ஆவிகள் உலவியதாகக் கதைத்தது. 1753-இல் தெருவின்மீதே வணிக மாளிகை எழுப்பத் தொடங்கினர். தெரு புதைந்தது, பேய்க்கதை புதையவில்லை!

பொழுதுபோக்குத்தானே, போகட்டும் என்பர் சிலர். நாம் கேட்கிறோம்: நோயில் துடித்து மாண்ட மனிதரை, பிறரை நடுங்கவைக்கும் பூதமாக்குவது நீதியா? பேய் என்றதும், ‘ஏன் மாண்டார்?’ என்ற கேள்வியும் மாண்டுவிடுகிறதே! அக்கேள்வியை விடாது பற்றியதாலன்றோ, 1894-இல் ஹாங்காங்கில் எர்சின் பிளேக் கிருமியைக் கண்டறிந்தார்!

மாண்டாருக்கு நாம் செலுத்தும் மரியாதை அச்சமன்று; இனியொருவர் அவ்வாறு மாளாமல் காக்கும் அறிவே!