மாடி போர்ஷனும் முக்தியும்

திருவண்ணாமலை ரமண நகரில் வீடு தேடி வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன் மொட்டைமாடி எங்கே என்றுதான் கேட்பார்கள். எங்கள் மாடியிலிருந்து அருணாசல மலை நன்றாகத் தெரியும். அதைப் பார்த்ததும் சிலர் முகத்தில் ஒரு தீர்மானம் வரும். அதைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகள் தனியே போயாயிற்று, சொந்த ஊர் வீட்டை விற்றுவிட்டு மிச்ச காலத்தை இங்கேயே கழிப்பது என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். வந்திருப்பது பெரும்பாலும் மார்கழியில். சித்திரை வெயிலை அவர்கள் பார்த்ததில்லை.

திருவாரூர் என்றால் அங்கே பிறந்திருக்க வேண்டும், காசி என்றால் அங்கே இறக்க வேண்டும், சிதம்பரம் என்றால் போய்த் தரிசிக்க வேண்டும், திருவண்ணாமலையை மட்டும் நினைத்தாலே முக்தி என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அப்படியானால் ஹாம்பர்க்கில் தன் சமையலறையில் உட்கார்ந்து நினைத்தால் ஆகாதா? எதற்காக இங்கே வந்து, குரங்குக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்து, கரன்ட் போனால் விசிறிக்கொண்டு கிடக்க வேண்டும்? கிண்டலுக்குக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கேள்வியைப் பாதியில் விடப் பழகவில்லை.

நினைப்பு போதும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி உண்டு. ஆர்தர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயர் பாங்காக்கில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1941-இல் மனைவியும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் அருகில் இருந்தார்கள். அவர் பாங்காக்கில் ஜப்பானியர்களிடம் அகப்பட்டு, போர் முடியும்வரை முகாமில் அடைபட்டார். ரமணரை அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. 1945-இல் விடுதலையாகித்தான் இங்கே வந்து சேர்ந்தார். அந்த வருஷங்களில் அவருக்கு மலை என்பது நினைப்பு மட்டும்தான். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. குடும்பத்தைக் காப்பாற்ற அவர் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வேலைக்குப் போனார். பிறகு இங்கே நிலையாகத் தங்கி, 1964-இல் ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கினார். நினைப்பு தனியாகவும் பிழைப்பு தனியாகவும் ஓடிய காலத்தை அவர் மறைக்கவில்லை. எனக்கு அவரைப் பிடிப்பது அதனால்தான்.

ரமணரும் ஒரு விதத்தில் குடியேறியவர்தான். அருணாசலம் என்ற பெயர் சிறுவயதிலிருந்தே அவர் மனத்தில் இருந்தது; உறவினர் ஒருவர் அங்கிருந்துதான் வருகிறேன் என்று சொன்ன பிறகே, அது மண்ணில் ரயிலேறிப் போகக்கூடிய ஊர் என்று தெரிந்தது. பதினாறு வயதில், 1896 செப்டம்பர் 1 அன்று, வந்து சேர்ந்தார். வழியில் கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்பதற்காக எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டைக் கிழித்துப் போட்டார். மிச்சக் காசை அய்யங்குளத்தில் எறிந்தார். அதன் பிறகு 1950 வரை இந்த ஊரை விட்டு நகரவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். சீட்டைக் கிழித்த இடத்தில் கண் கலங்குவார்கள். கதையின் மறுபாதியை ஏனோ யாரும் அதே உருக்கத்தோடு சொல்வதில்லை. காசை எறிந்தவருக்கும் பசிக்கும் அல்லவா? இந்த ஊர்ப் பெண்கள் சோறு கொண்டுபோனார்கள். கீரைப்பாட்டி கீரை பறித்து வேகவைத்துக் கொடுத்தாள். கணவனையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து வந்த எச்சம்மாள், ரமணர் மலைமேல் இருந்த காலத்தில் சமைத்துத் தலையில் சுமந்து மலையேறினாள்; 1945-இல் சாகும்வரை அந்தக் கைங்கரியத்தை விடவில்லை. ஒருவர் விட்டெறிந்தது காற்றில் கரைந்துவிடுவதில்லை, இன்னொருவர் தலையில் ஏறுகிறது. எச்சம்மாள் அதை மனமுவந்து சுமந்தாள். அது அவளுக்கும் மருந்தாயிற்று. எல்லோருக்கும் ஓர் எச்சம்மாள் கிடைப்பாள் என்று நம்பி வீட்டை விற்றுவிட்டு வருவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

ஏனென்றால் இன்றைக்கு எறியப்படுவது காசு அல்ல, காகிதம். "பாஸ்போர்ட் எல்லாம் மாயை அம்மா" என்று ஒருவர் சிரித்தபடி சொன்னார். அவருடைய விசா முடிந்த மாதம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான். மாயைக்கு ஜெராக்ஸ் மூன்று காப்பி கேட்டார்கள்.

ஆகவே வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஓய்வு பெற்றவர்களுக்கென்று இந்தியாவில் தனி விசா கிடையாது. ஐந்து வருஷத்துக்கு இ-டூரிஸ்ட் விசா கொடுத்தாலும் ஒரு வருஷத்தில் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. பாதி வருஷம் வானப்பிரஸ்தம், பாதி வருஷம் ஹாம்பர்க். அந்தக் காலத்தில் காட்டுக்குப் போனவரைக் காடு எதுவும் கேட்கவில்லை. இப்போது எங்கள் மலையே வனத்துறையின் கையில், உச்சிக்கு ஏற வேண்டுமானாலும் அனுமதி வேண்டும். நீங்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் உங்கள் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். சி ஃபாரம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதெல்லாம் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னால், வாடகை குறைவாக இருந்தாலும் அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். டூரிஸ்ட் விசாவில் வந்தவர் நிலம் வாங்க முடியாது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப் போடலாம் என்று டீக்கடையில் யாராவது தத்துவம் பேசினால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆசிரம விடுதி சில நாள் தங்கலுக்கு, அதுவும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு; அது முதியோர் இல்லம் அல்ல. ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; பெரிய வியாதி என்றால் வேலூருக்கோ புதுச்சேரிக்கோ ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்குக் கையில் பணம் வேண்டும், கூட ஓட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை முதலில் தேடுங்கள். தமிழ் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் நச்சரிப்பதும் அதற்காகத்தான்.

இதெல்லாம் ஆன்மிகத்துக்கு வெளியே இருக்கிற சமாச்சாரம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் 1938-ஐ நினைவுபடுத்துவேன். ஆசிரமத்தின் உரிமை பற்றிக் கோர்ட்டு வரை வழக்கு போன பிறகு, அந்த வருஷம் ரமணரின் பெயரில் உயில் எழுதிப் பதிவானது. கையெழுத்துக்குப் பதில் அவர் ஒரு கோடு போட்டார். தமக்குப் பெயரில்லை என்றவர் பெயர் எழுதவில்லை, சரி. ஆனால் தமக்குப் பின்னால் யாரும் அடித்துக்கொள்ளக் கூடாது என்று அந்தக் கோட்டைப் போட்டார். கிழித்த சீட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கோட்டை மறப்பவர்களுக்கு நான் வீடு கொடுப்பதில்லை.

மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயர் 1935-இல் வந்து, ஆசிரமத்துக்குள் தனக்கென ஓர் அறை கட்டிக்கொண்டு, 1962-இல் இங்கேயே மறைந்தார். அவருடைய சமாதி ஆசிரமத்துக்குள் இருக்கிறது. ரமணருடைய அம்மாவின் சமாதியில் ஸ்ரீசக்ர பூஜை முறையாக நடக்க அவர் எடுத்துக்கொண்ட முயற்சியைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தன் முக்தியைத் தேடி வந்தவர் போகும்போது இந்த இடத்துக்கு ஒரு வேலை செய்துவிட்டுப் போனார். நினைத்தாலே போதும் என்ற பேச்சுக்கும் இங்கே குடியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. மலையிடம் வாங்கிக்கொள்ள எந்த ஊரிலிருந்தும் முடியும். பக்கத்து வீட்டுக்காரரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள இந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும்.

இதை என் மாடியில் இருக்கும் ஜெர்மன் அம்மாளிடம் சொன்னபோது அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "என் ஊரில் நினைப்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். இங்கே பால் வாங்கப் போனாலே நினைத்துவிடுகிறேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இங்கேயே பிறந்த நாங்கள் பால் வாங்கப் போகும்போது தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அவர் ஒரு ஃபைல் வைத்திருக்கிறார், என் வற்புறுத்தலில். பாஸ்போர்ட் நகல், தூதரகத்தின் எண், மகளின் எண், மருந்துச் சீட்டு, உயிலின் பிரதி. வெளிநாட்டுக்காரர் இங்கே இறந்தால் போலீசுக்கும் தூதரகத்துக்கும் சொல்ல வேண்டும். உறவினரின் சம்மதம் வரும்வரை உடல் ஆஸ்பத்திரி சவக்கிடங்கில் இருக்கும். 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். இதையும் எழுதி வைத்தோம். எரிப்பதா புதைப்பதா என்ற வரியில் எரிக்க என்று எழுதினார். சடங்கு என்ற வரியில்தான் நின்றார். பிறந்தபோது லூத்தரன் சபையில் ஞானஸ்நானம். அவர் ஊரில் சர்ச்சுக்கு வரி உண்டு. வேண்டாமென்றால் அதிகாரி முன்னால் எழுதிக் கொடுத்து விலகலாம், அப்படி விலகியவர். இந்துவா என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். எங்கள் சாஸ்திரிகளைக் கேட்டேன். கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் சொல்வது வழக்கம், மகள் சம்மதித்தால் செய்யலாம் என்றார். அம்மாளிடம் சொன்னேன். சிரித்தார், யோசித்தார், அந்த வரியில் "காசியப" என்று பென்சிலில் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

கேள்விக்குறி இருக்கட்டும், ஆனால் பேனாவால் எழுதுங்கள், ஸ்டேஷனில் பென்சிலை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.