வலுவேற்றிய கையும் மாறாத வண்டியும்

ஒரு பொருளின் உறுப்பைச் செப்பனிட்டு, அதன்மேல் புதியது ஒன்றைச் சேர்த்த பின்னும், அது பழைய பொருளாகவே நீடிக்கிறதா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வினா. வட சிலாங்கூரின் சுங்கை பெசாரிலோ கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலோ பழைய டட்சன் 120 ஒய் காரின் முன்பக்க லோவர் ஆர்மை வீட்டு முற்றத்தில் கழற்றி வைத்து வலுப்படுத்த முனைபவர் முன்னும் இவ்வினா வந்து நிற்கிறது. ஏட்டில் எழுதப்பட்ட வாதங்களை இரும்பில் சோதித்துப் பார்க்க இவ்வேலை இடந்தருகிறது.

1970களில் கோலாலம்பூர் செகாம்புட் ஆலையில் பொருத்தப்பட்ட இச்சிறு கார் மலேசியச் சாலைகளில் பரவலாக ஓடியது. லோவர் ஆர்ம் என்பது, காரின் அடியில் குறுக்கே செல்லும் கிராஸ்மெம்பர் என்னும் சட்டத்தையும் முன்சக்கரத்தைத் தாங்கும் பகுதியையும் இணைக்கும் கை. அதன் உள்முனையில் ரப்பர் புஷ்ஷும் வெளிமுனையில் பல திசைகளில் அசையும் பால் ஜாயின்டும் இருப்பதால், சக்கரம் மேலும் கீழும் ஆடினாலும் பக்கவாட்டில் விலகுவதில்லை. தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாகச் செல்லும் கரையோர நிலம் களிமண்ணாலும் கரிமண்ணாலும் ஆன மெதுநிலம். அது ஓரிடத்தில் அமிழ்ந்து ஓரிடத்தில் நிற்பதால் சாலை அலையலையாகிறது. கடற்காற்றோ தகட்டில் துருவை வளர்க்கிறது. இத்தகைய தகட்டுக் கைகள் பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவின. மூடியில்லாத அட்டைப்பெட்டி எளிதில் முறுகுவதையும், மூடியை ஒட்டியபின் அதே பெட்டி விறைத்து நிற்பதையும் எண்ணிப் பார்த்தால், திறந்த பக்கத்தின்மேல் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் செய்து அடைப்பதன் பயன் விளங்கும்.

அடைத்து முடித்த கை பழைய கைதானா? சட்டத்தின் விடை எளியது: மலேசியத் தமிழர் ‘கிராண்ட்’ என்று வழங்கும் உரிமைச் சான்றில் பதிந்த சேசிஸ் எண் மாறாதவரை வண்டி அதே வண்டி. தத்துவம் அவ்வளவில் நிற்பதில்லை. பாலி மொழி நூலான ‘மிலிந்த பன்ஹ’வில், நாகசேனர் என்னும் துறவி மிலிந்த மன்னனிடம், அச்சு தேரா, சக்கரம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, உறுப்புகளின் சேர்க்கைக்கு இட்ட பெயரே தேர் என்று நிறுவுகிறார். இதை மறுக்கும் நியாய, வைசேடிக மரபினர், உறுப்புகளாகிய அவயவங்களுக்கு வேறாக அவயவி என்னும் முழுப்பொருள் உண்மையிலேயே உள்ளது என்றும், அது சமவாயம் என்னும் பிரிக்கவியலாத உறவால் அவ்வுறுப்புகளில் தங்குகிறது என்றும் கூறுவர்.

தீயைப் பற்றிய அவர்களது உள்வழக்கு இங்கே இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. பச்சை மண்குடம் சூளையில் சிவக்கும்போது, குடம் அணு அணுவாகப் பிரிந்து, அணுக்கள் நிறம் மாறி, மீண்டும் கூடிப் புதுக்குடமாகின்றன என்பது வைசேடிகரின் பீலுபாக வாதம். குடம் குலையாமல் நின்றபடியே சிவக்கிறது என்பது நியாய மரபினரின் பிடரபாக வாதம். வெல்டிங் தீ இரண்டு கூற்றுக்கும் சான்று தருகிறது. ஒட்டு விழும் கோட்டில் இரும்பு உருகிப் புதிதாக உறைகிறது. அதன் அருகே உருகாமலே இயல்பு மாறுகிறது. அதற்கப்பால் மாற்றமே இல்லை. ஒரே கையில் அழிந்து பிறந்ததும் நின்று மாறியதும் மாறாததும் அடுத்தடுத்து இருக்கையில், ‘அதே கை’ என்னும் சொல் இரும்பை மட்டும் சுட்டுவதாக இருக்கவியலாது.

அது எதைச் சுட்டுகிறது என்பதை வேலையின் ஒழுங்கே காட்டுகிறது. தேர்ந்த மெக்கானிக் முதலில் புஷ்ஷையும் பால் ஜாயின்டையும் கழற்றி, துருவைச் சுரண்டிப் பளிச்சிடும் இரும்பை வெளிக்கொணர்ந்து, இரு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரம் பிசகாதவாறு கையை ஓர் அச்சுச் சட்டத்தில் இறுக்கிய பின்னரே தீயைத் தொடுகிறார். வெப்பம் ஒரு பக்கமாகச் சேர்ந்தால் இரும்பு வளையும் என்பதால், இடம் மாற்றி மாற்றிச் சிறு சிறு ஒட்டுகளாக இடுகிறார். அடைபட்ட கூட்டினுள் நீர் தேங்காதிருக்க வடிதுளை விடுகிறார். இவ்வளவு காவலும் முனைக்கும் முனைக்கும் உள்ள உறவைக் காப்பதற்கே.

கோயில் திருப்பணியும் இதே முறையில் நடைபெறுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை நடத்துவது மரபாகிய குடமுழுக்குக்கு முன், தெய்வ ஆற்றலைத் தற்காலிக இருப்பிடத்தில் எழுந்தருளச் செய்யும் பாலாலயம் நிகழ்கிறது. அதன் பின்பே கட்டடத்தில் உளி படுகிறது. தோட்டங்கள் விற்கப்பட்டுத் தொழிலாளர் இடம்பெயர்ந்த காலங்களில் சிலாங்கூரின் பல தோட்டக் கோயில்களும் இடம்பெயர்ந்தன. மண்ணும் சுவரும் கூரையும் வேறானாலும், அம்மன் அவளே என்பதில் அம்மக்களுக்கு ஐயம் எழவில்லை, ஏனெனில் நேர்ந்துகொண்டவருக்கும் ஏற்றுக்கொண்டவளுக்கும் இடையிலான உறவு முறியாமல் காக்கப்பட்டது.

எனினும் உறவைக் காப்பது ஓர் உறுப்பைக் காப்பதோடு முடிவதில்லை. முன்பு குழியில் விழுந்த அதிர்ச்சியைத் தான் வளைந்து ஏற்ற கை, வலுப்பெற்றபின் அதைத் தன் பிணைப்பிடத்துக்கும் கிராஸ்மெம்பருக்கும் கடத்துகிறது; அங்கே துரு இருப்பின் முறிவு அங்கே நிகழும். முழுப்பொருள் வெறும் பெயராயின் ஓர் உறுப்பின் வலிமை மற்றோர் உறுப்பின் இடராக மாறுவதேன்? அவயவி உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. எவ்வுறுப்பும் தனித்து நில்லாது என்ற அளவில் நாகசேனரின் பார்வையும் இங்கே மெய்ப்படுகிறது.

சைவ சித்தாந்தம் ஒரு செயலுக்கு மூன்று காரணங்களைக் கூறும். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். தகடு தான் தாங்கும் சுமையை அறியாது. வெல்டிங் கருவியும் அறியாது. அறிபவர் செய்பவர் ஒருவரே. ஆதலால் முழுவண்டியையும் ஆராய்வதும், தம் திறன் போதாதபோது தேர்ந்த பட்டறைக்காரரிடம் ஒப்படைப்பதும் அவர்மேல் விழுந்த கடன். தகட்டை மூடிச் சாயம் பூசியபின் ஒட்டின் உட்புறத்தை எவரும் காணப்போவதில்லை. ஆயுத பூசையன்று அவ்வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடப்படும். அந்த வழிபாடு மெய்யாவது, காணப்படாத அவ்வொட்டு மெய்யாக இருக்கும்போதுதான்.