சுமை இறக்க ஒரு கல்

யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்தில், 776ஆம் இலக்கக் குறிகட்டுவான் பஸ் நிற்கும் இடத்தில், முதுகில் பெரிய பையோடு வெளிநாட்டு இளையவர்கள் ஏறுவதை இப்போது அடிக்கடி பார்க்கலாம். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு இவர்களுக்கு வழி இலகுவாயிற்று. குறைந்த செலவில் வருகிறவர்கள். ஊர்ச்சனத்தோடு சனமாக நெரிபட்டு ஏறுவார்கள். நடத்துநர் பையை வாங்கிச் சாரதிக்குப் பக்கத்தில் வைப்பார். சந்தைக் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டு ஓர் அம்மா இடம் விடுவார். "எங்க பிள்ளை போறியள், நெடுந்தீவுக்கோ?" என்று தமிழிலேயே கேட்பார். கேள்வி விளங்காது, ஊர்ப்பெயர் மட்டும் காதில் விழும், பிள்ளை தலையாட்டும். அதன் பிறகு அந்தப் பிள்ளை அந்த அம்மாவின் பொறுப்பு. பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை தாண்டி, வாணர் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல் விரிய, புங்குடுதீவின் ஒடுங்கிய வீதியால் பஸ் போய் இறங்குதுறையில் நிற்கும். எந்தப் படகு, எங்கே நிற்பது, திரும்பி வருவதற்குக் கடைசிப் படகு எப்போது என்று கையால் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் அம்மா தன் வழியே போவார்.

வான் பிடித்துப் போகிறவருக்கு இந்த அம்மா கிடைக்கமாட்டார். காசு இருந்தால் குளிரூட்டிய அறை கிடைக்கும், நேரம் மிச்சமாகும், யாரையும் எதுவும் கேட்கத் தேவையில்லாத ஒரு பயணம் கிடைக்கும். யாரையும் எதுவும் கேட்காமல் போய் வந்தவர் ஊரின் கட்டடங்களைப் பார்த்திருப்பார். ஊர் அவரைப் பார்த்திருக்காது. காசு குறைந்தவர் கேட்டே ஆகவேண்டும். வழி கேட்க வேண்டும், தண்ணீர் கேட்க வேண்டும், மழை வந்தால் ஒரு திண்ணையில் ஒதுங்க வேண்டும். கேட்கிறவரிடம்தான் ஊர் வாய் திறக்கிறது.

இப்படிப் போவதை வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுப்பழக்கம் என்று நினைப்போர் நம்மிடையே உண்டு. தொண்டைமானாற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் யாத்திரைக் காலத்தில் போய் நின்றால் அந்த நினைப்பு மாறிவிடும். அங்கிருந்துதான் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை முருகன் கோயிலில் தங்கி, குமண, யால காடுகளுக்குள் நுழைந்து, யானையும் கரடியும் நடமாடும் வழியால் கதிர்காமத்தின் ஆடிவேல் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும் நடை. ஏறத்தாழ இரண்டு மாதம் எடுக்கும். போகிறவர்களில் எழுபது வயது தாண்டிய ஆச்சிமாரும் உண்டு. ஒரு துணிப்பை, மாற்றுச் சேலை, திருநீற்றுப் பை, ஒரு போத்தல் தண்ணீர். பலருக்குக் காலில் செருப்பும் இல்லை. விடுதிக்கு முற்பதிவு கிடையாது. கோயில் வீதியில் படுக்கை, குளத்தில் குளிப்பு. வழியிலுள்ள ஊர்கள் சமைத்துக்கொண்டு காத்திருக்கும். முன்பின் அறியாத கிழவிக்கு ஊர்ப்பெண்கள் கால் கழுவத் தண்ணீர் வார்ப்பார்கள், "சாமி, சாப்பிட்டியளோ?" என்பார்கள். போர் ஆண்டுகளில் இந்த வழி பலமுறை அறுந்தது. பிறகும் கால்கள் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

அந்த ஆச்சியைத் தாங்குவது பக்தி மட்டும் என்று சொல்லிவிட முடியாது. வருகிறவருக்குச் சோறு போடுவதை ஒரு கடமையாக வைத்துக்கொண்ட ஊர்களும் சேர்ந்துதான் அவரைத் தாங்குகின்றன. சந்நிதி முருகனுக்கே அன்னதானக் கந்தன் என்றுதான் பேர். அங்குள்ள மடங்களில் யார் எவர் என்று கேளாமல் இலை போடுவார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் அமுதசுரபியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மணிமேகலை அந்தப் பாத்திரத்தைப் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று நம்புவோர் பலர். அந்த அடையாளம் சரியோ பிழையோ, கடல் கடந்து வந்தவளின் கையில் பசித்தவர்க்கெல்லாம் சோறிடும் பாத்திரம் கிடைத்தது என்ற கதையைத் தன் கதையாக வைத்துக்கொள்ள ஒரு தீவு ஆசைப்பட்டதே பெரிய செய்தி.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் சோற்றுக்கும் அப்பால் இன்னொரு ஏற்பாடு இருந்தது. பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்னும் நிற்கிறது. இரண்டு பக்கமும் தூண்களும் திண்ணையும், மேலே கூரை, நடுவே தெரு. வழிப்போக்கர் தெருவை விட்டு விலகி மடத்தைத் தேடத் தேவையில்லை. தெருவே மடத்துக்குள்ளால் போகிறது. வேறு இடங்களில் ஒரு கிணறு அல்லது கேணி, மாடு நீர் குடிக்கத் தொட்டி, மாடு உடம்பு தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல், அருகே ஒரு சுமைதாங்கி.

அந்தச் சுமைதாங்கியை ஒரு முறை கிட்ட நின்று பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் ஆளின் தோளளவு உயரம். மேற்பக்கம் தட்டையான கல். பார்வைக்கு அதில் ஒன்றும் இல்லை. அதன் அறிவெல்லாம் உயரத்தில் இருக்கிறது. தலைச்சுமையோடு நடக்கிறவர் களைத்துப்போனால் சுமையை நிலத்தில் இறக்கத் தயங்குவார். இறக்கினால் திரும்பத் தூக்கித் தலையில் வைக்க இன்னோர் ஆள் வேண்டும். நடுவழியில் அந்த ஆளுக்கு எங்கே போவது? தோளளவு கல் இருந்தால் தலையைச் சற்றுச் சரித்து மூட்டையை அதன்மேல் நகர்த்திவிடலாம். களை ஆறியதும் குனியாமல் திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். அங்கே இல்லாத அந்த ஒரு துணையாளின் இடத்தில் கல் நிற்கிறது.

அந்தக் கல்லை நட்டவர் யார் என்பது அதைவிட ஆழமானது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் சுமைதாங்கி நாட்டுவது தமிழரின் பழைய வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் அவள். அவளுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. ஆகவே அவளை அறியாத, அவள் பெயரைக்கூடக் கேட்காத வழிப்போக்கர்களுக்குச் செய்தார்கள். தங்களுக்குக் கிடைக்காத ஆறுதலை முகம் தெரியாதவருக்குக் கொடுத்தார்கள். துக்கத்தை இவ்வளவு பயனுள்ளதாக மாற்றிய வேறொரு வழக்கத்தை நான் அறியேன்.

இவ்வளவையும் பெருமையோடு சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே மண்ணில் கிணற்றுக்கட்டில் கால் வைக்கவும், தேத்தண்ணிக் கடையில் சமமாக அமர்ந்து குடிக்கவும், கோயிலுக்குள் நுழையவும் சாதியின் பேரால் மறுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அவர்கள் போராடியது 1968இல். அவ்வளவு தூரத்துப் பழங்கதை இல்லை. வாழ்நாள் முழுவதும் தலையில் பாரம் சுமந்தவர்களுக்கே தாகத்துக்குத் தண்ணீர் எட்டத்தில் நின்று வார்க்கப்பட்டது. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டிலிருந்து கையில் எடுக்க முடிந்ததும் மிகக் குறைவு. அவர்கள் சுமை இறக்க ஒரு கல்லாக நிற்க நம்மில் எத்தனை பேருக்கு முடிந்தது என்ற கேள்வி இன்றும் நம் முன்னால் இருக்கிறது.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்ரோபர் 30 அன்று, போர் நெருங்கிவர, வலிகாமத்து மக்களுக்கு வெளியேறும் நேரம் வந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். மழை இரவு. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஓர் அடிக்கு அடுத்த அடி வைக்க இடமில்லாத நெரிசல். கிழவர்களைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டும், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டும், ஒரு பையில் அடங்கியதை மட்டும் எடுத்துக்கொண்டும் தென்மராட்சிக்குப் போனார்கள். சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் வீட்டுக் கதவுகள் திறந்தன. பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், கோயில் மண்டபங்கள், மாமரத்தின் கீழ் நிலம் எல்லாம் நிரம்பின. ஒரு கிணற்றை நூறு பேர் பங்கிட்டார்கள். ஒரு பையோடு வழியில் நிற்பது என்றால் என்ன என்று எங்கள் தலைமுறை அன்று உடம்பால் அறிந்தது.

அதனால்தான் 776ஆம் பஸ்ஸில் ஏறும் அந்த இளையவரின் பையைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. எந்தத் துரத்தலும் இல்லாமல், விருப்பத்தோடு கட்டிய பை அது. திரும்பிப் போக வீடு இருக்கிறது என்ற நம்பிக்கை அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உலகத்தில் எல்லாப் பைகளுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

மத்திய அமெரிக்காவில் இந்த இரண்டு வகைப் பைகளும் ஒரே வீதியில் போகின்றன. குவாத்தமாலாவில் ஓடும் பஸ்கள் பலவும் வட அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் பழசானவை. கண்ணைப் பறிக்கும் வர்ணம் பூசி அங்கே ஓட விடுவார்கள். மலிவாக ஊர் சுற்றும் இளைஞர்களுக்கு அந்த பஸ்ஸில் போவதே ஒரு ஆசை. ஏரியும் எரிமலையும் பார்க்க அவர்கள் போகும் வீதிகளால்தான் கொண்டூராசிலிருந்தும் எல் சல்வடோரிலிருந்தும் பிழைப்பும் உயிரும் தேடி வடக்கே போகிறவர்களும் போகிறார்கள். அந்த வழியில் நம்மவரும் இருந்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் இறங்கி, கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையிலுள்ள டாரியன் காட்டை நடந்து கடந்து, நாடு நாடாக வடக்கே போன ஈழத்துத் தமிழர் பலர். மெக்சிக்கோ எல்லையைத் தாண்டியதும் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2020இல் அவருக்கு எதிராக முடிந்தது. ஒரே பஸ், ஒரே தூசி, முதுகில் ஏறக்குறைய ஒரே நிறை. ஒருவருடைய கடவுச்சீட்டில் முத்திரை விழுகிறது; மற்றவர் சோதனைச் சாவடிக்கு முன்னால் இறங்கிக் காட்டு வழியைத் தேடுகிறார்.

மெக்சிக்கோவின் வெராகுரூஸ் மாநிலத்தில் அமாட்லான் என்ற ஊர்ப்பக்கம் ஒரு சரக்கு ரயில் பாதை போகிறது. வடக்கே போகிறவர்கள் அந்த ரயிலின் கூரையிலும் பெட்டி இடுக்குகளிலும் தொங்கிக்கொண்டு போவார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்திலுள்ள ஏழைக் குடும்பப் பெண்கள் சிலர் 1995இல் அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கினார்கள். லாஸ் பட்ரோனாஸ் என்று அவர்களுக்குப் பேர். சோறும் பீன்சும் சமைத்துப் பையில் கட்டுவார்கள். தண்ணீர்ப் போத்தல்களை இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைப்பார்கள். ஓடும் ரயிலில் நீட்டிய கையில் அப்போதுதான் போத்தல் மாட்டிக்கொள்ளும். ரயில் நிற்காது. வாங்கியவரின் முகத்தை இரண்டாம் முறை பார்க்க முடியாது. நாங்கள் நாவற்குழிப் பாலத்தில் நின்ற அதே ஆண்டில், பூமியின் மறுபக்கத்தில், எங்களையோ எங்கள் சுமைதாங்கியையோ அறியாத பெண்கள் அதே அறிவை வேறொரு வடிவத்தில் கண்டுபிடித்தார்கள். கல்லின் உயரத்தில் இருந்த கவனம்தான் அந்தக் கயிற்று முடிச்சிலும் இருக்கிறது: கொடுப்பவரின் வசதியை விட்டு, வாங்குகிறவரின் தோளும் கையும் எங்கே இருக்கின்றன என்று பார்த்த கவனம்.

2024 டிசம்பரில் ரோகிங்கியா அகதிகள் நூறு பேருக்கு மேல் ஏறிய படகொன்று முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கியது. குழந்தைகளும் பெண்களுமாகப் பசியில் சோர்ந்து கிடந்தார்கள். அவர்களை முதலில் கண்டதும், உணவும் தண்ணீரும் கொண்டு ஓடியதும் அந்தக் கரையின் மீனவக் குடும்பங்கள். முள்ளிவாய்க்கால் என்ற பெயருக்கு 2009 என்ன பொருள் கொடுத்தது என்பதைத் தமிழர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எல்லாம் இழந்து நின்ற கரை அது. அந்தக் கரையே கடலிலிருந்து வந்த அந்நியருக்குச் சுமைதாங்கி ஆயிற்று. இறந்த பெண்ணுக்காகக் கல் நட்ட பழைய குடும்பங்கள் செய்ததும் இதைத்தான்.

வழியில் பெறும் கடனுக்கு ஒரு தன்மை உண்டு. கொடுத்தவருக்கு அதைத் திருப்ப முடியாது. பஸ்ஸில் இடம் விட்ட அம்மாவை அந்த இளையவர் இனிக் காணப்போவதில்லை. வழியூர்களில் கால் கழுவத் தண்ணீர் வார்த்த கைகளைச் சந்நிதி ஆச்சி தேடிப்பிடிக்க முடியாது. 1995இல் எங்களுக்கு இடம் தந்த வீடுகள் பலவும் பின்னர் போரில் இடிந்தன. அந்தக் கடனை அடுத்து வருகிறவருக்குத்தான் கொடுக்கலாம். காசு குறைந்த பயணம் ஒருவருக்குக் கற்றுத்தரும் பெரிய பாடம் சிக்கனம் என்று நான் நினைக்கவில்லை. தான் கண்டறியாத மனிதர்கள் தனக்காக ஏற்கெனவே செய்து வைத்ததில்தான் தன் ஒவ்வொரு நாளும் நகர்கிறது என்ற உணர்வே அந்தப் பாடம். வீட்டிலிருக்கும்போதும் அதுவே உண்மை. வீட்டுச் சுவர் அதை மறைத்து வைக்கிறது, வழி அதைத் திறந்து காட்டுகிறது.

வீதி அகலிக்கும்போது ஒரு சுமைதாங்கியைப் பிடுங்கி எறிகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பஸ் நிலையத்தில் குடிதண்ணீர்க் குழாயும், பெண்கள் அச்சமின்றிப் போகக்கூடிய மலசலகூடமும், வெயிலுக்கு ஒதுங்க ஒரு கூரையும் இன்றைக்கு நாங்கள் நாட்ட வேண்டிய கற்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் மக்களை ஏற்றிக் கடல் கடக்கும் 'பாதை' என்னும் மிதவை காசு வாங்காமல் ஓடுகிறது. ஒரு அரசு செய்யக்கூடிய நல்ல காரியங்களில் அது ஒன்று. அதுபோன்றவை பெருக வேண்டும். மதமும் மொழியும் சாதியும் விசாரித்து நீர் வார்த்த பழைய பிழை இனி எந்த வாசலிலும் நடக்கக்கூடாது.

ஒரு நாட்டின் செல்வத்தை அதன் விடுதிகளையும் விமான நிலையத்தையும் வைத்து அளப்பவர்கள் அளக்கட்டும். கையில் காசில்லாமல், முதுகில் பாரத்தோடு, யாரென்று தெரியாத ஒருவர் அதன் வழியே நடந்து போகும்போது எத்தனை இடத்தில் தலை நிமிர்ந்து நின்று இளைப்பாற முடிகிறது என்பதே என் கணக்கு. சுமை யாருடையது என்று சுமைதாங்கி கேட்பதில்லை. மனிதரும் அப்படிக் கேட்காமல் நிற்கப் பழகும் ஊரில்தான் எவரும் அந்நியராக மாட்டார்.